சித்திர வரலாறுகளும் மேதைமை என்னும் நிபந்தனையும்: ஓட்டிசம் பற்றிய சிறுவர் நூல்கள் குறித்து ஒரு நோக்கு

சிறுவர்க்கென எழுதப்படும் வாழ்க்கை வரலாறு தமிழில் நெடுங்காலமாகச் சான்றோர் சரிதம் என்ற அச்சிலேயே வார்க்கப்பட்டு வந்துள்ளது. ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கிய காலந்தொட்டு இன்று எமது பாடநூல்களில் இடம்பெறும் பெரியார் வரலாறுகள் வரை, பிறப்பு, இளமையிற் காட்டிய அறிகுறி, இடர், சாதனை, புகழ் என்ற ஒழுங்கு பெரிதும் மாறியதாகத் தெரியவில்லை. மட்டக்களப்பிற் கல்வி பயிலும் எந்தப் பிள்ளைக்கும் விபுலாநந்த அடிகளின் பட்டங்கள் மனப்பாடம். ஆயின், 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் தோன்றுவதற்கு இப்பிரதேசத்தின் எத்தகைய கல்வி நிலைமை காரணமாயிருந்தது என்று கேட்டால், பிள்ளைக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் விடை எளிதிற் கிடைப்பதில்லை. மனிதரை அவர்தம் சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்துப் பீடத்தில் ஏற்றுவது இவ்வடிவத்தின் இயல்பு.

இவ்வடிவம் மேலைநாடுகளிற் கடந்த சில ஆண்டுகளாகப் புதியதொரு பொருளைத் தனதாக்கியுள்ளது. ஓட்டிசம் உள்ளவர்கள், அல்லது அவ்வாறு இருந்திருக்கலாம் எனப் பிற்காலத்தவர் கருதுபவர்கள், சித்திர நூல்களின் நாயகராகியுள்ளனர். இவற்றுட் பெரும்பாலானவை நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டவை. வேறுபட்ட பிள்ளையைக் கேலி செய்யாதே என்று சகபிள்ளைகளுக்குக் கூறுபவை. இந்நோக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் நல்லெண்ணம் இலக்கிய விமர்சனத்திற்கு விதிவிலக்குப் பெற்றுத் தருவதில்லை. இந்நூல்கள் எத்தகைய மனித மதிப்பீட்டைப் பிள்ளையின் மனத்திற் பதிக்கின்றன என்பதே எமது வினா.

பெயர் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. தமிழகத்தில் ‘மதியிறுக்கம்’ என்ற கலைச்சொல் வழங்குகின்றது. மதி இறுகிவிட்டது என்ற தீர்ப்பைச் சொல்லின் உள்ளேயே வைத்திருக்கும் இதனை நாம் ஏற்பதற்கில்லை. இலங்கையில் மருத்துவரும் ஆசிரியரும் ‘ஓட்டிசம்’ என்றே கூறுகின்றனர். இங்கும் அதுவே கையாளப்படும். அது தொற்றுவதோ, மருந்தினால் மாறுவதோ அன்று. பேச்சு, பிறருடன் உறவாடல், புலனுணர்வு ஆகியவற்றில் வேறுபட்டமைந்த ஒரு வளர்ச்சிநிலை. அதன் வீச்சு மிக அகன்றது. பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்பவரும் அதனுள் அடங்குவர். வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லேனும் பேசாதவரும் அடங்குவர். சித்திர வரலாறுகள் இவ்விரு சாராருள் எவரைத் தெரிவு செய்கின்றன என்பதில் எமது பிரச்சினை தொடங்குகின்றது.

தமிழ் வாசகர்க்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு சீனிவாச இராமானுஜன் (1887–1920) ஆவார். ஏமி அல்ஸ்நவர் எழுதி டானியல் மியாரெஸ் சித்திரந் தீட்டிய, ‘முடிவிலியைக் கனவு கண்ட சிறுவன்’ எனத் தலைப்பினைத் தமிழாக்கத்தக்க நூல் 2020இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியாயிற்று. நூலாசிரியை, இராமானுஜனின் ‘தொலைந்த குறிப்பேட்டை’ 1976இற் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரி நூலகத்திற் கண்டெடுத்த கணிதவியலாளர் ஜோர்ஜ் அன்ட்றூசின் மகள். பொருளின்பால் அவருக்குள்ள பற்று இத்தகையது. இராமானுஜனுக்கு நோய்ப்பெயர் சூட்டுவதற்காக இந்நூல் எழுதப்பட்டதன்று. ஆயின், அதனைக் கையிலெடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் வேறொரு கதையையும் உடன் எடுத்து வருகின்றனர். அயர்லாந்து உளமருத்துவர் மைக்கேல் ஃபிற்ஸ்ஜெரால்ட் 2004இல் வெளியிட்ட, ஓட்டிசமும் படைப்பாற்றலும் பற்றிய நூலில் விற்கென்ஸ்ரைன், யேற்ஸ், லூயிஸ் கரோல் முதலியோருடன் இராமானுஜனும் சேர்க்கப்பட்டார். அன்று முதல் அவர் இப்பட்டியல்களில் நிரந்தர உறுப்பினர்.

சான்றுகள் எவை? மூன்று வயது வரை அவர் அரிதாகவே பேசினார். வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரங்களைச் சுவருக்குச் சுவர் வரிசையாக அடுக்கினார். விரும்பிய உணவு கிடையாதபோது மண்ணிற் புரண்டார். றொபேர்ட் கனிகெல் 1991இல் எழுதிய விரிவான வரலாற்றில் இச்செய்திகள் உள்ளன. அதே வரலாற்றிலேயே நண்பர் கூடிய இடத்தில் நகைச்சுவையாகப் பேசியவரும், கேம்பிரிட்ஜில் தம் கையாற் சமைத்து விருந்தினர்க்குப் பரிமாறியவருமான இராமானுஜனும் உளர். பட்டியல் தயாரிப்போர் முதலாமவரை எடுத்துக்கொண்டு இரண்டாமவரை விட்டுவிடுகின்றனர். அவருடைய உடல்நோயே தீராத விவாதப் பொருள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இங்கிலாந்து மருத்துவர் அதனைச் சயரோகம் என்றனர், 1994இல் டி. ஏ. பி. யங் என்பவர் அது அமீபாவினால் ஏற்பட்ட ஈரல் நோயாயிருக்கலாம் என வாதிட்டார். உடலைத் தொட்டுச் சோதித்த மருத்துவரின் முடிவே எழுபது ஆண்டுகளின் பின் ஐயத்திற்கு உள்ளாகுமாயின், எவருஞ் சோதித்திராத மனத்துக்குத் தொலைவிலிருந்து எழுதப்படும் மருத்துவச் சான்றிதழின் மதிப்பு யாது?

இதனினும் முக்கியமானது, இச்சான்றிதழ் எதனை மறைக்கின்றது என்பதாகும். இராமானுஜன் நிறுவல்கள் இன்றி முடிவுகளை மட்டும் எழுதினார் என்பது அவருடைய ‘விசித்திர மனத்தின்’ அடையாளமாகக் காட்டப்படுகின்றது. முற்காலத்தில் இதே செய்தி நாமகிரித் தாயாரின் அருளுக்குச் சான்றாயிருந்தது. தாயார் இருந்த இடத்தில் இப்போது நரம்பியல் அமர்ந்துள்ளது. விளக்கத்தின் அமைப்பு மாறவில்லை. உண்மையில் நிகழ்ந்தது என்ன? தந்தையார் கும்பகோணத்திற் புடைவைக் கடையொன்றிற் கணக்கெழுதியவர். கடதாசி விலை கூடிய பொருள். எனவே மகன் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டிற் பதித்தார். மேலும், 1903 அளவில் அவர் கையிற் கிடைத்த கணித நூல், இங்கிலாந்தின் பரீட்சை மாணவர்க்காகக் கார் என்ற பயிற்றுநர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை அது பெரும்பாலும் நிறுவலின்றி வரிசைப்படுத்தியது. குடியேற்ற நாட்டின் கல்வியேற்பாடு எறிந்த ஒரு பரீட்சைத் துணைநூலும், கடதாசியின் விலையும் சேர்ந்து உருவாக்கிய எழுத்துமுறை இது. அவருடைய மேதைமையை இவ்விளக்கம் குறைப்பதில்லை. அதனைப் பூமிக்குக் கொண்டுவருகின்றது. கணிதவியலாளர் ஹார்டியும் இராமானுஜனைக் கீழைத்தேய மாயாவியாகக் காட்டும் போக்கினைத் தமது பிற்கால விரிவுரைகளில் மறுத்துரைத்தார் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் புலமைப்பரிசிலை இழந்தமை, இடைநிலைப் பரீட்சையில் மீண்டுந் தவறியமை, 1912இற் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்திற் கணக்குப்பகுதி எழுதுவினைஞரானமை, 1914இற் கடல் கடந்தமை ஆகியவற்றை ஒரு சித்திர நூல் எளிதாகக் கூறலாம். பிராமணக் குலப்பிறப்பு, வறுமையின் நடுவிலும் அவரைக் கல்வியின் வாயிலில் நிறுத்தியது என்பதையும், அக்குடும்பத்தின் வீட்டுக்கு அண்மையில் வரவும் அனுமதி பெறாத பிள்ளைகள் காவிரிக்கரையில் இருந்தனர் என்பதையும் கூறுவது கடினம். ஆயினும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்காத செய்தியன்று அது. எம்மூர்ப் பிள்ளைகள் அதனைத் தினமும் காண்கின்றனர்.

மனைவி ஜானகி அம்மாளைப் பற்றிச் சிறிது நிற்கவேண்டும். கணவர் இறந்தபோது அவருக்கு இருபது வயதளவு. பின்னர் பம்பாயிற் சகோதரர் வீட்டிற் சில ஆண்டுகள் வாழ்ந்து, தையல் கற்று, சென்னை திருவல்லிக்கேணியில் தையற்றொழிலால் வாழ்க்கை நடத்தினார், ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தார், 1994இலேயே காலமானார். இராமானுஜனின் 32 ஆண்டுகளுக்கு எத்தனை நூல்கள்! அவர் மனைவி ஊசியும் நூலுமாக வாழ்ந்த எழுபது ஆண்டுகளுக்குச் சிறுவர் நூலொன்று உண்டா? ‘மேதை’ என்ற வகைமை தன்னுள் அனுமதிக்கும் உழைப்பு ஒன்று. வெளியே நிறுத்தும் உழைப்பு வேறொன்று.

ஐயத்திற்கிடமில்லாத எடுத்துக்காட்டுக்கு வருவோம். 1947இற் பொஸ்ரனிற் பிறந்த ரெம்பிள் கிறாண்டின், ஓட்டிசம் உள்ளவர் எனத் தம்மைத் தாமே உலகறியச் செய்தவர், விலங்கியற்றுறைப் பேராசிரியர். 2017இல் ஜூலியா ஃபின்லி மொஸ்கா எழுதிய ‘படங்களாற் சிந்தித்த சிறுமி’, 2018இல் ஏமி குலியெல்மோ, ஜக்குலின் ரூர்வில் ஆகியோர் எழுதிய, அவருடைய அணைப்பு இயந்திரம் பற்றிய நூல் ஆகிய இரண்டும் அவரைப் பொருளாகக் கொண்டவை. முன்னையது எதுகையுடன் கூடிய செய்யுள். உரத்து வாசிக்க நன்று. பின்னையது கலையழகு கூடியது. ஜிசெல் பொற்றரின் சித்திரங்களில், பிறர் தொடுகையைத் தாங்கமுடியாத பிள்ளையின் உடல் அவஸ்தை மெய்யாகவே தென்படுகின்றது. புலனுணர்வு பற்றிச் சகபிள்ளைகளுக்கு இதனினும் தெளிவாகக் கற்பிப்பது கடினம்.

எனினும் இரு மௌனங்கள் குறிப்பிடத்தக்கவை. கிறாண்டின் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். பிள்ளையை விடுதியொன்றில் ஒப்படைக்குமாறு கூறப்பட்ட காலத்தில் தாயார் மறுத்து, பேச்சுப் பயிற்சியும், வீட்டிற் பராமரிக்கும் பணியாளும், தனியார் பாடசாலையும் பெற்றுக்கொடுத்தார். அக்காலத்தில் அதே மருத்துவரின் அறிவுரையை ஏற்பதைத் தவிர வேறு வழியற்ற ஏழைத் தாய்மாரின் பிள்ளைகள் விடுதிகளின் சுவர்களுக்குள் மறைந்தனர். ‘தாயின் உறுதி’ என்று நூல்கள் போற்றும் பண்பு மெய்யானதே. ஆயின் உறுதிக்கும் ஒரு விலையுண்டு, அதனைச் செலுத்த வல்லார் சிலரே. மற்றைய மௌனம் அவருடைய தொழில் பற்றியது. வட அமெரிக்காவின் இறைச்சித் தொழிலில் அரைப்பங்களவான மாடுகள் அவர் வடிவமைத்த ஏற்பாடுகளினூடாகவே செல்கின்றன எனப்படுகின்றது. மாடு அச்சமின்றிச் செல்லும் வளைந்த பாதையின் முடிவில் இருப்பது கொலைக்களம். விலங்கின் துன்பம் குறைந்தது உண்மை. அதனுடன் ஆலையின் ஓட்டமும் சீராயிற்று. ஒரு மனிதரின் வேறுபட்ட புலனுணர்வு மூலதனத்திற்குப் பயன்படும் புள்ளியிலேயே அவர் ‘வியத்தகு விஞ்ஞானி’ ஆகின்றார். இச்செய்தியைப் பிள்ளைக்கு மறைக்கும் மென்மை, பிள்ளையைப் பாதுகாக்கின்றதா, தொழிலைப் பாதுகாக்கின்றதா?

அணைப்பு இயந்திர நூலின் முடிவும் ஆராயத்தக்கது. இயந்திரம் பழுதடைகின்றது, அவர் மனிதரை அணைக்கத் தொடங்குகின்றார். கிறாண்டின் வாழ்வில் இது நடந்ததே. ஆயினும் கதையின் உச்சமாக அது நிறுத்தப்படும்போது, வேறுபாடு இறுதியில் நீங்கவேண்டிய ஒன்று என்ற பொருள் தானாகவே விளைகின்றது. எமக்கு இது புதிய முடிவன்று. பெரியபுராணத்துத் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். தடவிக்கொண்டே திருவாரூர்க் குளத்தைத் தோண்டியவர். அவருடைய வரலாற்றின் முடிவில் அவருக்குப் பார்வை கிடைக்கின்றது. எள்ளிய சமணர் பார்வை இழக்கின்றனர். பார்வையின்றியே மண் சுமந்த அவ்வரிய உழைப்பு, கதையின் முடிவிற்கு வெறும் படிக்கல்லாகிவிடுகின்றது. அத்துடன் பார்வையின்மை எதிரிக்கு வழங்கப்படும் தண்டனையாகவும் ஆகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் சமயப் போராட்டம் தனக்கு வேண்டியவாறு அமைத்துக்கொண்ட இம்முடிவும், இருபத்தோராம் நூற்றாண்டுப் பதிப்பகம் விரும்பும் முடிவும் இவ்வளவு அருகருகே நிற்பது வியப்பன்று. இரண்டிலும் குறைபாடு தன்னளவில் வாழத்தக்க வாழ்வாக ஏற்கப்படவில்லை.

வாவியின் மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றின் வாசகசாலையில், பெற்றோரும் ஆசிரியருமாகச் சிலர் கூடிய வேளையில் இராமானுஜன் நூலினைப் படங்களைக் காட்டி வாய்மொழியாகத் தமிழிற் கூறினோம். மேதையின் கதை பெற்றோர்க்கு ஆறுதலளிக்கும் என்ற எண்ணம் எமக்கிருந்தது. கேட்டிருந்த தாயொருவர் கூறினார்: “நல்ல கததான் சேர். எங்கட புள்ளைக்குக் கணக்கும் வராது, கதையும் வராது. அவன ஆரு புத்தகத்தில போடப்போறா?” எமது முற்போக்கு விமர்சனப் பயிற்சி முழுவதும் அவ்வினாவின் முன் சிறிது நேரம் வாயடைத்து நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அத்தாயின் வினா தனியொருவரது துயரம் மட்டுமன்று. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, அரைநகர்ப்புறப் பகுதியொன்றின் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளிடையே 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசத்தை இனங்கண்டது. கிழக்கில் இப்பிள்ளைகளை இனங்காணத் தடையாயிருந்தது வைத்தியர் பற்றாக்குறை மட்டுமன்று. பேசாத பிள்ளைக்கு எம்மிடம் ஆயத்தமான காரணங்கள் இருந்தன. போர்க்காலத்திற் பிறந்தவன் ஷெல் சத்தத்திற் பயந்தான் என்றோம். 2004 டிசம்பர் 26இன் பின், கடல் அடித்த பயம் என்றோம். பயந்த பிள்ளைகள் உண்மையிலேயே இருந்தனர். மட்டக்களப்பில் 1996இல் உருவான வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா அவர்களுக்காகவே ஓவியத்தையும் கதையையும் விளையாட்டையும் ஏற்பாடு செய்தது. ஆயின் போரின் மௌனத்துள் வேறொரு மௌனம் கலந்து கிடந்ததை நாம் பிரித்தறியவில்லை.

மூன்றாவது காரணம் கொடியது: “தாய் வெளிநாடு போனா, புள்ள இப்பிடி ஆயிற்றான்.” மத்திய கிழக்கிற்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்று வாவிக்கரை வீடுகளுக்குக் கூரையிட்ட பெண்கள் மீது இப்பழி இன்றும் சுமத்தப்படுகின்றது. இது கிராமத்தின் அறியாமை என்று புறமொதுக்க முடியாது. 1967இல் புரூனோ பெற்றல்ஹைம், தாயின் அன்பின்மையே ஓட்டிசத்தின் காரணம் என அமெரிக்காவிற் பெருநூல் எழுதிப் புகழ்பெற்றார். அறிவியல் அதனைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. இலங்கை அரசு 2013இல், ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வேலைக்கு வெளிநாடு செல்வதைக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறையாற் கட்டுப்படுத்தியது. 2022இல் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. தந்தையருக்கு அத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. உளவியல் நூலும் அரச சுற்றறிக்கையும் கிராமத்து வம்பும் ஒரே கருத்துநிலையின் மூன்று குரல்கள்.

சித்திர வரலாறுகள் விரும்பும் ‘பயனுள்ள வேறுபாடு’ என்ற எண்ணத்திற்கும் இருண்ட வரலாறு ஒன்றுண்டு. லியோ கானர் 1943இலும் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் 1944இலும் இந்நிலையை விவரித்தனர். அஸ்பேர்கர், தம் பிள்ளைகளுட் சிலரின் தனித்திறனைப் பாராட்டியவர் என நெடுங்காலம் போற்றப்பட்டார். 2018இல் ஹேர்விக் செக்கின் ஆவண ஆய்வும் எடித் ஷெபரின் நூலும் மறுபக்கத்தை வெளிக்கொணர்ந்தன. கற்பிக்க இயலாதவை என அவர் கருதிய பிள்ளைகள் சிலரை அவர் நாற்சிகளின் ஸ்பீகல்குறுண்ட் நிலையத்திற்கு அனுப்பினார். அங்கு பிள்ளைகள் கொல்லப்பட்டனர். திறனுள்ள பிள்ளைக்குப் பாராட்டும் திறனற்ற பிள்ளைக்கு மரணமும் ஒரே அளவுகோலிலிருந்து பிறந்தன. இன்றைய சித்திர நூலாசிரியரை அப்பாசிசத்துடன் இணைப்பது எமது நோக்கமன்று. அது நேர்மையற்ற செயலாகும். மனிதரைப் பயனால் அளக்கும் கோல் எவ்வளவு தூரம் செல்லவல்லது என்பதை அறிந்துகொண்டு அதனைக் கையிலெடுக்க வேண்டும் என்பதே நாம் கூறுவது.

இவ்விருவர்க்கும் முன்னரே, 1925இல், சோவியத் மருத்துவர் குறுன்யா சுகரேவா ஆறு சிறுவரை நுணுகி விவரித்திருந்தார். 1926இல் அது ஜேர்மன் மொழியில் வெளியாகியும், 1996இல் சூலா வொல்ஃப் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் வரை பரவலாக அறியப்படவில்லை. அதே காலத்தில் வைகோட்ஸ்கி, உடலில் உள்ள குறை வேறு, அதனைச் சுற்றிச் சமூகம் கட்டும் குறை வேறு என்றும், இரண்டாவதே பெரும்பாலும் பிள்ளையை முடமாக்குகின்றது என்றும் வாதிட்டார். இவ்விருவரையும் எமது பெருமையாகக் கொண்டாடிவிட்டு நகர்வது எளிது. ஆயின் அதே சோவியத் சமூகம் பிற்காலத்தில் இத்தகைய பிள்ளைகளைப் பெருமளவில் விடுதிகளில் ஒதுக்கியது. மொஸ்கோவிலிருந்து அழகிய தமிழிற் குறைந்த விலைக்கு வந்து எம்மிற் பலரை வாசகராக்கிய சிறுவர் நூல்களில், உழைப்பின் வீரர் வந்தனர். உழைக்க இயலாதவர் வந்ததாக எமக்கு நினைவில்லை. முற்போக்கு விமர்சனமும் மனிதரை உற்பத்தியால் அளந்தது. கோதா வேலைத்திட்டத்தை 1875இல் விமர்சித்தபோது, சமனற்ற மனிதர்க்குச் சமமான அளவுகோலைப் பிரயோகிப்பதே சமனின்மை என்று மார்க்ஸ் விளக்கியிருந்தார். தேவை என்ற சொல்லை ஆற்றல் என்ற சொல்லுடன் அவர் பிணைத்ததை நாம் பொருளியல் வகுப்பிற் கற்பித்தோம். சிறுவர் இலக்கியத்திற்கு அதனைக் கொண்டுவரவில்லை.

தமிழ்ச் சூழலில் வேறு முயற்சிகள் இல்லாமலில்லை. யெஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ நாவல், ஓட்டிசமுள்ள பையனொருவனை மேதையாக்காமலே கதையின் மையத்தில் நிறுத்துகின்றது. இந்தியாவில் வளர்ந்த ரீற்றோ ராஜர்ஷி முகோபாத்யாய், பேச்சின்றியே எழுத்தாளரானவர். அவருடைய தாயார் கையாண்ட பயிற்சிமுறை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், தன்னைப் பற்றித் தானே எழுதும் குரல் வரலாற்றாசிரியரின் குரலிலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றது என்பதை அவர் நூல்கள் காட்டுகின்றன. அரங்கத் துறையில், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ தொடக்கம் எமது சிறுவர் நாடகங்கள் தனி நாயகனைவிடக் குழுவையே நம்பின. ஒரு பிள்ளையின் வரலாற்றைப் பலரது வரலாறாகக் கூறும் வடிவம் எம் கைக்கு எட்டாததன்று.

அத்தாயின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. நாம் கதை கூறிய நேரம் முழுவதும் வாசகசாலைத் திண்ணையில் அமர்ந்து, தோணிக்காரர் விட்டுச்சென்ற வலையின் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணுவதுபோல் நகர்த்திக்கொண்டிருந்தான். எண்ணினானா என்று எமக்குத் தெரியாது. உடனே இராமானுஜனின் பித்தளைப் பாத்திரங்கள் எம் நினைவுக்கு வந்தன. அந்நினைவையே நாம் ஐயுறவேண்டும். அவனைக் காலையிற் குளிப்பாட்டும் அம்மம்மா, ‘இவன் என்ட தோணியில இரிக்கட்டும்’ என்று வாவிக்கு அழைத்துச் செல்லும் மாமன், குவைத்திற் பிறர் வீட்டுச் சமையலறையில் மூன்று ஆண்டுகள் நின்று திரும்பிய தாய், விசேட கல்வி வகுப்பிற்கு ஆசிரியரின்றி மூன்று தவணை கழிந்த பாடசாலை ஆகியோரும் ஆகியவையும் இருபத்துநான்கு பக்கங்களுள் அடங்குவர். சாதனை என்ற பக்கம் அதில் இராது. அதனை வெளியிடப் பதிப்பகம் முன்வருமா என்று ஓவிய நண்பரொருவரிடம் கேட்டோம். முதலில் மாமனின் தோணியை வரைந்து பார்ப்பதாகவும், வாவியின் நிறம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்பதால் எந்த நேரம் அவன் தோணியிலிருப்பான் என்று தாயிடம் கேட்டு எழுதுமாறும் பதிலனுப்பியுள்ளார்.